காக்கா எடுக்கிற வரைக்கும்

"வடிவுன்றது யாரு?"

"நாந்தாம்மா. ரேஷன் கார்டு விஷயமா வந்தீங்களா?"

"இல்ல. ஒரு மனு வந்திருக்கு. உன்னைப் பத்தி."

வடிவு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தனக்காக யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டாள். வண்டி குடை சாய்ந்து புருஷன் வீரபத்திரனுக்கு முதுகு போனதிலிருந்து, அவனுக்கு சர்க்காரில் ஏதாவது உதவி கிடைக்குமா என்று எத்தனையோ பேரிடம் சொல்லி வைத்திருந்தாள்.

"யாரும்மா போட்டது? நம்ம டவாலி தாத்தாவா?"

"நல்லதுக்கு இல்லம்மா. உன்மேல புகார்."

வந்திருந்தவள் பெயர் கிருஷ்ணவேணி. சமூக நலத்துறையில் மேற்பார்வையாளர். முப்பத்தைந்து வயது இருக்கும், கைத்தறிப் புடவை, தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. கலெக்டர் ஆபீசுக்குப் போன மனு நாலு மேசை மாறி அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. அவள் காகிதத்தைப் பிரித்து, கூட்டாமல் குறைக்காமல் வாசித்தாள்.

"மேற்படி விடுதியில் சமையல் வேலை பார்க்கும் வடிவு என்பவள் வயோதிகர்களாகிய எங்களுக்கு வேளைக்குச் சோறு போடாமல் பட்டினி போட்டு வருகிறாள். சக்கரை வியாதிக்காரராகிய துரைக்கண்ணு முதலியார் பசியால் மயங்கி விழுந்தும் மேற்படியாளுக்கு இரக்கம் வரவில்லை. கலெக்டர் சமூகம் அவர்கள் விசாரித்து மேற்படியாளை நீக்கி எங்களைக் காப்பாற்ற வேண்டியது. இப்படிக்கு. கையெழுத்தும் கைநாட்டுமா பதிமூணு பேரு."

"பதிமூணா?"

"ஆமா."

"இங்க இருக்கிறதே பதினாலு பேரும்மா."

கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. வீரபத்திரன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பின்கட்டு அறை வாசலில் காந்தா வந்து நின்றாள். அவர்கள் மகள், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தவள், எட்டு மாசம்.

அந்த அறை வடிவுக்குச் சொந்தமில்லை. சமையல் வேலையோடு சேர்ந்த அறை. வேலை போனால் சாவியும் போகும். திருப்புட்குழியில் இருந்த குடிசை வீரபத்திரன் வைத்தியத்துக்கே போய்விட்டது. இது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

"அம்மா, யார் அவங்க?" என்றாள் காந்தா.

"ஆபீசர் அம்மா. நீ உள்ள போய்ப் படு."

வீராசாமி முதலியார் முதியோர் விடுதி என்று வாசல் வளைவில் எழுதியிருக்கும். தெருவில் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். முன்னே யாத்திரைக்காரர்கள் தங்கின கட்டிடம் அது, அதனால் சாவடி என்றே பேர். ஓட்டுக் கூடம், இரண்டு பக்கமும் நீள அறைகள், பின்னால் சமையற்கட்டு, கிணறு. வெளியே நெசவாளர் தெரு. சாவடிச் சுவரை ஒட்டி அன்றைக்குப் பாவு நீட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கு அரக்குப் பட்டு இழை, கவைக்கட்டைகளின் மேல் விறைப்பாக. புரட்டாசி மூட்டம், வெயில் ஏறவில்லை, இழையில் போட்ட கஞ்சி காயவில்லை. காலை எட்டு மணிக்குச் சுருட்டியிருக்க வேண்டிய பாவு பத்து மணிக்கும் நின்றது. ஓர் ஆள் நீளக் குச்சியோடு மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தான். இழைமேல் காக்கா எச்சம் பட்டால் அந்தப் பாவே வீண்.

கிருஷ்ணவேணி கூடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முதலில் வந்தவர் வேலாயுதம். முன்சீப் கோர்ட்டில் டவாலியாக, பேர் கூப்பிடுகிற சேவகராக இருந்தவர், வெள்ளை மீசையை இன்னும் முறுக்குகிறவர்.

"மனு எழுதினது யாருங்க?"

"எழுத்து என்னுதுதான். விஷயம் எல்லாருதும்."

"நல்ல எழுத்து."

"இருபத்தெட்டு வருஷம் கோர்ட்டு வாசல்ல நின்னவன்மா. 'மேற்படியாள்' எங்க போடணும்னு எனக்குத் தெரியும்."

"வேளைக்குச் சோறு வர்றதில்லையா?"

"வர்றதில்ல."

"எத்தனை மணிக்கு வருது?"

"சில நாளு பன்னெண்டு. சில நாளு ரெண்டு. போன அமாவாசைக்கு மூணே கால்."

"அது ஏன் அப்படி?"

வேலாயுதம் மீசையை விட்டுவிட்டார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "அதை சமையல் பண்றவங்களைத்தான்மா கேக்கணும்."

அடுத்து கங்கையம்மாள். எழுபதைத் தாண்டினவள், ஒல்லி, கண் மட்டும் கூர். பஸ் ஸ்டாண்டு பக்கம் முப்பது வருஷம் இட்லிக் கடை வைத்திருந்தவள். பிள்ளை இல்லை, புருஷன் இல்லை, தங்கை மகன் கொண்டுவந்து விட்டுப் போனவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"வடிவு உங்களைத் திட்டுமா?"

"திட்டும். நானும் திட்டுவேன்."

"அடிக்குமா?"

"அதுவா? எலிய அடிக்கச் சொன்னாலே வெளக்கமாத்தைக் கீழ போட்டுட்டு ஓடும்."

"அப்புறம் என்னதான் குறை?"

"பசிக்குதும்மா. அவ்ளோதான் கொறை."

"வடிவுதான் பட்டினி போடுதா?"

"கரண்டி அது கையிலதானே இருக்குது" என்று சொல்லிவிட்டுக் கங்கையம்மாள் எழுந்துபோனாள். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று கிருஷ்ணவேணிக்குத் தெரிந்தது. இன்னும் ஐந்தாறு பேரைக் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் பசி என்றார்கள். ஏன் என்று கேட்டால் கூரையைப் பார்த்தார்கள்.

துரைக்கண்ணு முதலியாரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. கூடத்து மூலையில் கயிற்றுக் கட்டிலில் அவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வருஷம் தறிக்குழியில் கால் விட்டிருந்தவர், முட்டி மடங்காது. கிருஷ்ணவேணி நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"மயங்கி விழுந்தது நீங்கதானே?"

"நாந்தான்."

"மனுவில உங்க கைநாட்டு மட்டும் இல்லையே."

"கைநாட்டு ஏன்மா, எனக்குக் கையெழுத்தே வரும். போடல."

"ஏன்?"

"தப்பான பேரு எழுதியிருந்தாங்க. போடமாட்டேன்னுட்டேன்."

"சரியான பேரு எது?"

கிழவர் சிரித்தார். மேல் வரிசையில் ஒரே பல். "அதைச் சொல்லணும்னா நான் எங்கயாவது ஒரு எடம் பாத்து வச்சிருக்கணும்மா. எனக்கு எங்க இருக்குது? நீ போய் அடுப்பைப் பாரு. கேக்கிறதை அதைக் கேளு."

கிருஷ்ணவேணி சமையற்கட்டுக்குப் போனாள். அடுப்பு மெழுகி, கோலம் போட்டு, சில்லென்று இருந்தது. மண்பானைகளைத் திறந்து பார்த்தாள். ஒன்றில் அரிசி. ஒன்றில் கேழ்வரகு மாவு. பருப்பு. புளி. மழை பொய்த்து ஊரே கடை வாசலில் வரிசை நின்ற எழுபத்து நாலாம் வருஷம் அது. இந்த அளவுக்குத் தானியம் பல வீடுகளில் இல்லை.

"எல்லாம் இருக்கே. ஏன் ஆக்கல?"

வடிவு அம்மிக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள் என்று மூக்கைப் பார்த்தால் தெரியும்.

"இன்னிக்குத் திதி இருக்குதும்மா."

"திதி இருந்தா?"

"அடுப்பு எரியக் கூடாது. அவங்க வூட்டுச் சாப்பாடு வண்டியில வரும். அது வர்ற வரைக்கும் இங்க யாரும் ஒண்ணும் சாப்புடக் கூடாது. வெறும் வவுத்துல இருக்கிறவங்களுக்குப் போட்டாத்தான் செத்தவங்களுக்குப் போய்ச் சேரும்ன்றாங்க. சாப்பாடு வந்து, எலை போட்டு, பரிமாறி, செவுத்து மேல காக்காவுக்கு வப்பாங்க. காக்கா எடுக்கணும். எடுத்தப்புறந்தான் இவங்க கை வைக்கலாம்."

"காக்கா எடுக்கலன்னா?"

"எடுக்கிற வரைக்கும் குந்திக்கினு இருக்கணும்."

"வாரத்துக்கு எத்தனை நாள் இப்படி?"

"மத்த மாசத்துல ரெண்டு நாளு, மூணு நாளு. இப்போ மகாளயம். பதினஞ்சு நாளும் ஆளு இருக்குது. ஊர்ல எல்லா வூட்லயும் காக்காவுக்குச் சோறு. இங்க வர்றதுக்குள்ள அதுங்களுக்கு வவுறு முட்டிப்போவுது. செவுத்துல குந்தி ஒரு பார்வை பாத்துட்டுப் பறந்துடுது. போதாததுக்குத் தெருவுல பாவு நீட்றவங்க வேற வெரட்டறாங்க. அவங்களைச் சொல்ல முடியுமா, அவங்க பொழப்பு அது."

"இது யார் வச்ச சட்டம்?"

"விடுதி வச்ச பெரியவரு காலத்துலேர்ந்து இருக்குதாம். இப்போ அவரு பேரன், பூவராகவன் ஐயா, செக்ரட்டரி. பட்டுக் கடை வச்சிருக்காரே."

"எழுதி வச்சிருக்கா?"

"வாய்ச்சட்டந்தான்."

கிருஷ்ணவேணி பேனாவை மூடினாள். "அப்போ நீ ஒண்ணும் செய்யல. உன்மேல ஏன் எழுதினாங்க?"

"செஞ்சேன்மா. அதுதான் வெனை. முன்னெல்லாம் திதி நாள்ல விடியக்காலம் நாலு மணிக்கே அடுப்பு மூட்டி, எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளர் கூழு ஊத்திடுவேன். அஞ்சு மணிக்கு அடுப்பை அணைச்சு, மெழுகிக் கோலம் போட்டா யாருக்குத் தெரியும்? ரெண்டு வருசமா அப்படித்தான் ஓடுச்சு. ஆடி அமாவாசைக்கு ஒரு வூட்டுக்காரங்க ஏழு மணிக்கே வந்துட்டாங்க. டவாலி தாத்தா மீசையில கூழு ஒட்டிக்கினு இருக்குது. அந்தம்மா பாத்துட்டாங்க. கொண்டாந்த அண்டாவை அப்படியே வண்டியில ஏத்திக்கினு போயிட்டாங்க. பூவராகவன் ஐயா வந்து, இனிமே திதி நாள்ல அடுப்புல நெருப்பைப் பாத்தேன்னா ரூம் சாவியைக் குடுத்துட்டுப் போயிடுன்னாரு. பொண்ணு வேற வந்து எறங்கியிருக்குது. நிறுத்திட்டேன். ஆவணியில மொதலியாரு காலைல மாத்திரையைப் போட்டுக்கினு ஒண்ணும் சாப்புடாம ஒரு மணி வரைக்கும் குந்தியிருந்தாரு. வுழுந்துட்டாரு."

"மாத்திரை போட்டா சாப்பிடணும்னு உனக்குத் தெரியுமா?"

"பெரியாஸ்பத்திரியில நர்ஸம்மா சொன்னாங்க. தெரியும்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சுதான் நிறுத்தினேன். அவங்க எழுதினது பொய்யின்னு நான் எப்படிச் சொல்றது?" என்றாள்.

வாசலில் வீரபத்திரன் குரல் கொடுத்தான். "சொல்லாதே வடிவு. நீயே உன் தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதே."

"நீ தண்ணி எறைய்யா."

கிருஷ்ணவேணி அம்மிக்கு எதிரே இருந்த மணையில் உட்கார்ந்தாள். "இதையெல்லாம் நான் எழுதிக்கலாம். ஆனா பதிமூணு பேரு ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கம். உன் செக்ரட்டரி அப்படி ஒரு சட்டமே இல்லன்னா முடிஞ்சுது. அவங்க வாயால வரணும். திதி கொடுக்கிறவங்க இப்படியெல்லாம் பண்ணுவாங்களா, வயசானவங்களைச் சோத்து முன்னால உக்கார வச்சு..."

வடிவு அவளை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நீங்க போன வருசம் வந்திருந்தீங்களேம்மா."

"நானா?"

"உங்க மாமனாரு திதிக்கு. மாமியாரு கூட. மாம்பழக் கலர் பொடவை கட்டியிருந்தீங்க. வந்ததும் உங்க மாமியாரு என்னைக் கேட்டாங்க, 'காலையில யாரும் ஒண்ணும் வாயில போடலியே'ன்னு. நான் 'இல்லம்மா'ன்னு பொய் சொன்னேன். நீங்க பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தீங்க."

கிருஷ்ணவேணிக்கு நினைவு வந்தது. மாமியார் பின்னாலேயே வந்து அரை மணியில் திரும்பிப் போன இடம், காலையிலிருந்து அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்றைக்குக் காக்கா பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டது. மாமியார் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"அன்னிக்குக் கூழ் கொடுத்திருந்தியா?"

"குடுத்திருந்தேன்."

"நல்லவேளை" என்றாள் கிருஷ்ணவேணி.

பன்னிரண்டு மணிக்குக் கைவண்டி வந்தது. பாவைச் சுற்றிக்கொண்டு, குச்சிக்காரனிடம் இரண்டு திட்டு வாங்கிக்கொண்டு, சாவடி வாசலில் நின்றது. சாதம், சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். பின்னாலேயே காமாட்சியம்மாள் வந்தாள். ஜவுளிக்காரர் வீட்டு அம்மாள், புருஷன் போய் முதல் வருஷம். குனிந்த தலை நிமிராமல், மகன் சீனிவாசன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கூடவே பூவராகவன். மல் ஜிப்பா, விபூதி, வெற்றிலைச் சிவப்பு.

"அடடே, மேடம் வந்திருக்கீங்களா. சொல்லியிருந்தா கார் அனுப்பியிருப்பேனே. மனு விஷயம் காதுல விழுந்துது. நல்லா விசாரிங்க. நமக்கு ஒளிவு மறைவு கிடையாது. இன்னிக்கு நல்ல நாள்ல வந்திருக்கீங்க, பாருங்க, எப்படிப்பட்ட சாப்பாடுன்னு."

பதினாலு பேரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். துரைக்கண்ணுக்கு மட்டும் கட்டில், எதிரே முக்காலியில் இலை. வடிவு பரிமாறினாள். பரிமாறும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. அவர்களும் இலையையே பார்த்தார்கள். காமாட்சியம்மாள் ஒரு சின்ன இலையில் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சுவர் மேல் வைத்து, கையைக் கூப்பிக்கொண்டு நின்றாள்.

"கா, கா" என்றான் சீனிவாசன்.

பன்னிரண்டரை. வடையில் ஈ வந்து உட்கார்ந்தது. விசிறி எடுத்து வடிவு ஓட்டினாள்.

"மகாளயம்ல. எல்லாம் வேற எடத்துல பிஸியா இருக்குதுங்க" என்றார் வேலாயுதம் பக்கத்து ஆளிடம்.

"ஏப்பம் வுட்டுக்கினு கெடக்கும்" என்றார் துரைக்கண்ணு கட்டிலிலிருந்து. "நேத்து ஒண்ணு பாத்தேன், பறக்க முடியாம நடந்துக்கினு போவுது."

யாரோ சிரித்தார்கள். பூவராகவன் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

ஒன்று ஐந்து. ஒரு காக்கா வந்து தென்னை மட்டையில் உட்கார்ந்தது. காமாட்சியம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அது கழுத்தைச் சாய்த்து இலையைப் பார்த்தது; சுவரில் இறங்கியது. வெளியே குச்சி ஆடியது. பறந்துவிட்டது.

சீனிவாசன் வாசலுக்கு ஓடினான். "ஏன்பா, கொஞ்ச நேரம் வெரட்டாம இருக்கக் கூடாதா? எங்கப்பாவுக்குப் படையல் வச்சிருக்கோம்."

"எச்சம் வுட்டா பாவு போச்சு தம்பி. உங்கப்பாரு வந்து குடுப்பாரா? இன்னும் அரை அவுருல சுருட்டிடுவோம், அதுவரைக்கும் பொறுத்துக்கோ."

பொறுக்கிறதுக்கு உள்ளே பதினாலு பேர் இருந்தார்கள்.

கிருஷ்ணவேணி நாற்காலியை விட்டு எழுந்து வரிசைக் கடைசியில், கங்கையம்மாள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். சாம்பார் மணம் அந்த உயரத்தில் வேறு மாதிரி இருந்தது. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டு வந்திருந்த அவளுக்கே வாயூறியது.

"நீங்க சொன்னாத்தான் உண்டு" என்றாள் மெதுவாக.

கங்கையம்மாள் திரும்பவில்லை. "நீ எழுந்து போயிடுவே. நான் இங்கதானே சாவணும்."

ஒன்றரை இருக்கும். வடிவு விசிறியைக் கீழே போட்டாள். துரைக்கண்ணுவின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. விரல் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது, அவர் தட்டவில்லை, அதுவாகத் தட்டியது. ஆவணியில் விழுவதற்கு முன்னாலும் இப்படித்தான்.

"மொதலியாரே. இங்க பாருங்க."

"ம்... ஊடை அறுந்துபோச்சு" என்றார் அவர். கண் எங்கேயோ, தறியில் ஓடும் இழையைப் பார்ப்பதுபோல் இருந்தது.

வடிவு பூவராகவனைப் பார்த்தாள். பின்கட்டு வாசலைப் பார்த்தாள். காந்தா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அப்புறம் குனிந்து, முக்காலியில் இருந்த பாயசத் தொன்னையை எடுத்து, கிழவரின் தாடையைப் பிடித்து வாயில் ஊற்றினாள்.

"முழுங்குங்க. இன்னொரு வாய். முழுங்குங்க."

"வடிவு" என்றார் பூவராகவன்.

"மயக்கம் வருதுய்யா."

"இன்னும் எடுக்கலையே" என்றாள் காமாட்சியம்மாள். "அவருக்கு இன்னும் போய்ச் சேரலையே."

"நீங்க கவலைப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்." பூவராகவன் கிருஷ்ணவேணி பக்கம் திரும்பினார். சத்தம் போடவில்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான். "பாத்தீங்களா மேடம். உங்க கண்ணால பாத்தீங்க. சொன்ன பேச்சு கேக்கறதில்ல. அவங்க எழுதியிருக்கிறது சரிதான். நீங்க எழுதிக்கங்க, நான் இன்னிக்கே அனுப்பிடறேன். வீரபத்திரா, சாயங்காலத்துக்குள்ள ரூமைக் காலி பண்ணிடு."

வீரபத்திரன் முதுகை நிமிர்த்த முயன்றான். வரவில்லை. காந்தா அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

கிழவர் முழுங்குகிற சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. வடிவு தொன்னையைக் கீழே வைத்துவிட்டு, அவர் வாயைத் தன் முந்தானையால் துடைத்தாள். வரிசையில் இருந்தவர்களை அப்போதுதான் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக் கூட இல்லை. இவர்களா என்பதுபோல.

கங்கையம்மாள் இலையில் கையை வைத்தாள். சாதத்தைப் பிசைந்தாள். ஓர் உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய் கெழவி, காக்கா..." என்றார் வேலாயுதம்.

"எனக்கு அந்தக் காக்காவை விட வயசு ஜாஸ்தி." மென்றுகொண்டே கிருஷ்ணவேணியைப் பார்த்தாள். "எழுதிக்கோம்மா. எம்பேரு கங்கையம்மா. வடிவு எங்களைப் பட்டினி போடல. திதி நாள்ல அடுப்பு மூட்டக் கூடாதுன்னது இந்த ஐயா. வெறும் வவுத்துல இருக்கியான்னு எங்களைக் கேக்கறது இங்க வர்ற புண்ணியவாளுங்க. எங்களுக்கு ரெண்டு வருசம் திருட்டுத்தனமா கூழு ஊத்தினது இது ஒண்ணுதான். அது பேரைத்தான் நாங்க எழுதினோம்."

"ஆயா, யோசிச்சுப் பேசு" என்றார் பூவராகவன்.

"ஒன்றரை மணி நேரமா யோசிச்சிக்கினுதான்யா குந்தியிருந்தேன். சோத்தைப் பாத்துக்கினே." அடுத்த உருண்டையை எடுத்தாள். "டவாலி, நீயும் சொல்லு. எழுத்து உன்னுதுதானே."

வேலாயுதம் மீசையைத் தடவினார். கூடத்தைப் பார்த்தார். கோர்ட்டில் பேர் கூப்பிடுகிறவர் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "உண்மை" என்றார். பிறகு அவரும் கை வைத்தார். அவருக்கு அடுத்தவர். எதிர் வரிசையில் இரண்டு பேர். ஒரு கிழவி மட்டும் கடைசி வரை காமாட்சியம்மாளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்து, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் சாப்பிட ஆரம்பித்தாள்.

கிருஷ்ணவேணி அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினாள். பூவராகவன் இரண்டு தடவை ஏதோ சொல்ல வந்தார். "உங்க வாக்குமூலத்தையும் வாங்கிக்கறேன் சார், இருங்க. உத்தரவு வர்ற வரைக்கும் வடிவை அனுப்பக் கூடாது" என்றதும் வெற்றிலை போட்டுக்கொள்ளப் போய்விட்டார்.

முதியோருக்கு வேளைக்கு உணவு இல்லை என்பது உண்மை, அதற்கு வடிவு என்பவர் பொறுப்பல்ல, விடுதி நிர்வாகத்தின் வழக்கமே பொறுப்பு என்று எழுதினாள். எவர் திதி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் தினமும் காலை ஏழு மணிக்குள் அடுப்பு மூட்டி ஆகாரம் தர வேண்டும், இல்லையென்றால் சர்க்கார் அரிசி ஒதுக்கீட்டை நிறுத்தலாம் என்று எழுதினாள். கடைசியில், சென்ற ஆண்டு தன் வீட்டுத் திதியும் இவ்விதமே இங்கு நடந்தது என்று ஒரு வரி சேர்த்தாள். அதை அடித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கவில்லை.

இலை எடுத்த பிறகும் காமாட்சியம்மாள் சுவரடியிலேயே நின்றாள். வெளியே பாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மகன் வண்டியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தான். வடிவு ஒரு மணையைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

"குந்துங்கம்மா. கால் வலிக்கும்."

"உன்னாலதான்" என்றாள் காமாட்சியம்மாள்.

"ஆமாம்மா."

"அவரு பன்னெண்டு மணிக்கு மேல பசி தாங்கமாட்டாரு. கடையிலேருந்து ஓடி வந்துடுவாரு. இன்னிக்கு எவ்ளோ நேரம் காக்க வச்சுட்டேன்." அவள் உட்கார்ந்தாள். வடிவும் பக்கத்தில் நின்றாள். மூன்று மணிக்கு ஒரு காக்கா வந்தது. சாதத்தைத் தொடாமல் வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது.

"வடைதான் புடிக்கும் அவருக்கு" என்று சொல்லிவிட்டுக் காமாட்சியம்மாள் எழுந்து போனாள்.

உத்தரவு வர மூன்று வாரம் ஆயிற்று. பூவராகவன் அதை ஆணியில் குத்தி மாட்டிவிட்டு வடிவிடம், "சந்தோஷமா?" என்றார். திதி கொடுக்கிற வீடுகளில் இரண்டு நின்றுபோயின. மற்றவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அறைச் சாவி வடிவின் இடுப்பிலேயே இருந்தது. ஐப்பசி மழையில், ஓடு ஒழுகுகிற அந்த அறையில், காந்தாவுக்குப் பெண் பிறந்தது. பதினாலு பேரும் முறை வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வடிவு யாரையும் தடுக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. துரைக்கண்ணுவிடம் மட்டும் பேசுவாள், அதுவும் மாத்திரையைப் பற்றி.

ஒரு விடியற்காலம், தூறல் நின்றிருந்தது. வடிவு கூழ்க் குண்டானைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். கங்கையம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"எத்தினி நாளைக்குடி மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கினு இருப்பே?"

வடிவு ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன்."

"ஏன் அத்தே, பூவராகவன் ஐயா பேரை எழுதினா கை வெந்துபோயிருக்குமா?"

"அவன் பேரை எழுதினா அன்னிக்கே தூக்கி வெளிய போட்டிருப்பான். எங்க போறது?"

"திதி குடுக்கறவங்க பேரை?"

"அவங்க வராம நின்னுடுவாங்க. சோறு போயிடும்."

"அதனால எம்பேரு."

"யாரு பேராவது போட்டாத்தான் ஆபீசு மனுவை எடுக்கும்னு டவாலி சொன்னான். உம்பேரைப் போட்டா நீ எங்களை என்னா பண்ணிடப் போறே. ஒண்ணும் பண்ணமாட்டே. அது எங்க எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுதான் போட்டீங்க."

"தெரிஞ்சுதான்."

வடிவு கொஞ்சம் நின்றாள். கிழவி இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. கங்கையம்மாள் டம்ளரை நீட்டினாள்.

வடிவு ஊற்றினாள். மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஊற்றிவிட்டு அடுத்த டம்ளருக்கு நகர்ந்தாள். கங்கையம்மாள் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அப்புறம் குடித்தாள்.